காப்பிப் புட்டிகள்

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வண்டி அலறாது.
சிவப்பு வண்டிதான், தீயணைப்பு உடுப்புதான்,
பின்னிருக்கையில் மட்டும் பனிப்பெட்டி.
பிரேசிலியாவுக்கு வெளியே செய்லாந்தியாவின் சந்துகளில்
எண் மங்கிய கதவுகளைத் தேடித் தட்டுவோம்.

ஜுசாரா இடுப்பில் பிள்ளையோடு
நான்கு புட்டிகளை நீட்டுகிறாள்.
போன மாதம் காப்பித்தூள் இருந்தவை.
இப்போது உறைந்த பால், மூடியில் தேதி.
"இவன் குடித்தது போக மிச்சம்" என்கிறாள்,
ஏதோ குழம்பு மிஞ்சிய மாதிரி.
எங்கே தீ, எங்கே தீ என்று
பக்கத்து வீட்டுப் பையன் வண்டியைச் சுற்றுகிறான்.

மருத்துவமனையில் டல்வனீரா எண்ணி வாங்குகிறாள்.
அறுபத்திரண்டரை டிகிரி, அரை மணி நேரம்.
எனக்குச் சூடு தெரியும்.
அது எதை விட்டுவைக்கும் என்று
இருபது வருடமாகச் சாம்பலைக் கிளறிப் பார்த்தவன்.
கேட்டேன்.
கெட்ட கிருமி சாகும், நல்லதும் சாகும் என்றாள்.
பிறகு என்னதான் மிச்சம்?
"ஒரு சர்க்கரை. பிள்ளைக்குச் செரிக்காதது."

செரிக்காததை எதற்கு ஒருத்தி
உடம்பை உருக்கிச் சமைக்கிறாள்?

பிள்ளைக்கு இல்லையாம் அது.
வயிறு தொடாமல் அனுப்ப,
குடலின் கடைசி வளைவுவரை போய்க் கிடக்குமாம்,
இரவுப் பணி முடிந்து வருகிறவனுக்கு
மூடிவைத்த சோறு போல.

ஏழாம் பெட்டியில் தொள்ளாயிரத்து இருபது கிராம்.
பெயர் எழுதும் இடத்தில்
'க்ளெயொனிசியின் சிசு' என்று மட்டும்.
உப்பிய வயிறு, நீல நரம்பு தெரிய.
மூக்குக் குழாயில்
இரண்டு மணிக்கொரு முறை இரண்டு மில்லி.
க்ளெயொனிசிக்கு இன்னும் பால் இறங்கவில்லை.
சட்டையைத் திறந்து
தோலோடு தோலாகப் பிள்ளையைக் கிடத்தி
மூச்சுக்கூட மெதுவாக விடுகிறாள்.
வரவேண்டியவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்களாம்,
மார்பின் வேர்வையில், முத்தத்தில்,
எத்தனை கழுவினாலும் விரலிடுக்கில் தங்குவதில்.
சோறு ஒரு வீட்டில், பந்திக்கு ஆள் இன்னொரு வீட்டில்.
இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டதே இல்லை.

மூன்றாவது செவ்வாய்.
டல்வனீரா தூரத்திலிருந்தே கையாட்டுகிறாள்.
கையில், என் உள்ளங்கையில் பாதியளவு டயப்பர்.
"பாருங்கள், சார்ஜென்ட்!"
அரைத்த கடுகின் மஞ்சள்.
லேசாகப் புளித்த மணம்.
கருகல் தவிர எதையும்
இதுவரை அடையாளம் சொன்னதில்லை என் மூக்கு.

பெட்டிக்குப் பின்னால் க்ளெயொனிசி
சிரிக்கிறாளா அழுகிறாளா
முகக்கவசத்தில் தெரியவில்லை.
காலிப் புட்டிகளை வாங்கி அடுக்குகிறேன்.
எத்தனை முறை கொதித்தவை,
மூடியில் இன்னும் காப்பி மணக்கிறது.