ஒரே அழுத்து

என் விசைப்பலகை நடுவில் பிளந்து
ஓட்டுக்கூரைபோல் இருபுறமும் சரிந்திருக்கும்.
இடக்கையில் அசையைத் திறக்கும் மெய்கள்,
வலக்கையில் அதை மூடும் மெய்கள்,
நடுவே, கட்டைவிரல் எட்டும் இடத்தில்
உயிர்.
எல்லாம் சேர்த்து ஒரே அழுத்து.
குரோனிங்கன் ரயிலில் மடிமேல் வைத்துப் பழகியபோது
எதிரே இருந்த பையன் கேட்டான்,
அக்கா, உங்கள் பியானோவுக்கு ஏன் சத்தம் வரவில்லை?

எழுத்தெழுத்தாய்த் தட்டுகிறவர்கள்
பேச்சின் பின்னே ஓடி மூச்சிரைப்பார்கள்.
நான் அசையசையாக அமுக்குகிறேன்.
அதுவும் போதவில்லை.
கூட்டங்களில் மனிதர்கள்
தாங்கள் நினைப்பதைவிட வேகமாகப் பேசுகிறார்கள்.

ஆகவே குறுக்குவழிகள்.
பதினோராயிரத்துச் சொச்சம் சேர்த்துவிட்டேன்.
'அனைவருக்கும் வணக்கம்', இரண்டு விரல்.
'சென்ற கூட்டக் குறிப்பில் உள்ளபடி', மூன்று.
'சுருக்கமாகச் சொல்கிறேன்' என்பதற்கு ஒன்றே போதும்,
அதற்குப் பிறகு இருபது நிமிடம்
பத்து விரலும் வேண்டும்.
சிரிப்புக்கு ஒரு விசை. இருமலுக்கு ஒன்று.
நாற்காலி இழுபடும் ஓசைக்கும்.

ட்யாலிங் வியார்தாவின் காதை
நாற்பத்தொரு வயதில் ஒரு காய்ச்சல் கொண்டுபோயிற்று.
ரயில் சமிக்ஞை விளக்குகளைச் சரிபார்க்கிற வேலை.
கண் போதுமே என்று விட்டுவைத்தார்கள்.
ஆறு வருடமாய் அவர் பக்கத்து நாற்காலி நான்.
அவர்கள் வாயசைப்பார்கள்,
அவர் முன்னிருக்கும் திரையில்
என் விரல் பேசும்.
அவர் பெயருக்கும் ஒரு குறுக்குவழி உண்டு,
முதல் வாரமே வைத்தது.
மகள் யிட்ஸ்கேயின் கல்யாணத்தில் மட்டும்
'சம்மதம்' என்பதை எழுத்துக் கூட்டி அடித்தேன்.
சுருக்க மனம் வரவில்லை.

அந்த ஜனவரியில் ஒரு புதுச் சொல் வந்தது:
மறுசீரமைப்பு.
முதல் கூட்டத்திலேயே நாற்பது தடவை.
இரவு, அடுப்பில் பட்டாணி சூப் கொதிக்க,
அதை மூன்று விசைக்குள் அடக்கினேன்.
நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்,
பொய் சொல்லவில்லை.

மார்ச்சில் மேலாளர் ஒரு தாளை விரித்தார்.
குடும்பப் பெயர்கள், அகரவரிசையில்.
அவர்கள் நெடுங்கணக்கில் வியார்தா
கடைசிக்குச் சற்று முன்.
தண்ணீர் குடித்தார். தாளைத் திருப்பினார்.
மேற்பல் கீழுதட்டைத் தொட்டது,
அவ்வளவுதான்,
என் கை அறிந்துகொண்டது.

ஒரே அழுத்து.
திரையில் முழுப் பெயர்.
மேலாளரின் குரல் இன்னும்
முதல் எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

காது கேட்கிற முப்பது பேர்
அரை நொடி கழித்துத்தான் அறிந்தார்கள்.
அந்த அரை நொடியில்
அவர் மேலாளரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
ஆறு வருடமாய் அசையசையாகச் சேமித்த நேரம் அது.
அவருக்குக் கொடுத்தேனா,
அவரிடமிருந்து எடுத்தேனா.

யாரோ பேனாவை மூடினார்கள்.
அதையும் எழுதினேன்: பேனா மூடும் ஓசை.
கேட்பதையெல்லாம் எழுது, அதுதான் விதி.

"வேகம் கூடிவிட்டது உனக்கு" என்றார்
தன் குரலின் அளவு தெரியாமல், உரக்க.
பழக்கத்தில் அதையும் அடித்துவிட்டேன்.
தன் சொல்லையே திரையில் படித்து
சரிதான் என்று தலையாட்டினார்.

வரும் செவ்வாய் அவருக்குப் பல் மருத்துவரிடம் நேரம்.
'வாயைத் திறங்கள்', 'இன்னும் கொஞ்சம்', 'வலிக்கிறதா?'
மூன்றுக்கும் குறுக்குவழி வைத்திருக்கிறேன்.
பதிலுக்கு வைக்கவில்லை.
அதை அவரே சொல்வார்,
வாய் நிறையப் பஞ்சோடு,
எனக்கு மட்டும் புரிகிற மாதிரி.