போரா வீசிய புதன்கிழமை

அவர்கள் பக்கம் அது முகம் பார்க்கும் கண்ணாடி.
எங்கள் பக்கம் ஜன்னல் கண்ணாடி.
விளக்கு எரிகிற அறை பார்க்கப்படும்,
இருட்டில் இருப்பவர் பார்ப்பார்.
எங்கள் படிப்பு முழுதும்
ஒரு சுவிட்சின் மேல் நிற்கிறது என்று
அப்போது யாராவது சொல்லியிருந்தால்
சிரித்திருப்போம்.

திரியெஸ்தே. பிப்ரவரி.
மலையிலிருந்து போரா காற்று இறங்கினால்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
மூன்றாம் மாடியில் நாங்கள் நால்வர்,
ஆறிய காப்பியோடு.
அப்பால் ஃபுல்வியா, எதிரே ஃபுர்லான் குடும்பம்:
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லிவியோ,
கைப்பையை மடியிலிருந்து இறக்காத நிவெஸ்,
பதினான்கு வயது ஒந்தினா.
பள்ளியில் பேசுகிறாள், பூனையோடு பேசுகிறாள்,
ஏழு மாதமாய் அப்பாவோடு மட்டும் இல்லை.

எட்ஸியோ காலணியைக் கழற்றிவிட்டு
தாளில் நாற்காலிகள் வரைந்தார்.
“தாய்க்கும் மகளுக்கும் நடுவே சுவரே இல்லை,
தகப்பனைச் சுற்றி இரண்டு சுவர்.
நாற்காலியை மாற்று. வீடு மாறும்.”
திராகிட்சாவுக்குச் சுவரும் வேண்டாம், காரணமும் வேண்டாம்.
“ஏன் என்று கேட்டு யாருக்குப் பசி ஆறியது?
இந்த வாரம் அப்பாவும் பேசக்கூடாது என்று சொல்.
தடுத்தால்தான் தாண்டுவார்கள்.”
துல்லியா கேள்வியை மட்டும் நம்பினாள்:
“மகள் வாயை மூடும்போது
அம்மாவின் கண் எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேள்.
அப்பா வெளியே போனால்
யாருக்கு முதலில் மூச்சு வருகிறது என்று மகளிடம் கேள்.
நோய் ஒருவருக்குள்ளும் இல்லை,
இடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.”

நான் பயிற்சிக்கு வந்தவன். என் வேலை தொலைபேசி.
வாதத்தில் வென்றவர் சொன்னதை உள்ளே சொல்வேன்.
மணி அடிக்கும். ஃபுல்வியா எடுப்பாள், தலையசைப்பாள்.
அந்த மூவரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள்,
வானிலை அறிக்கைக்குக் காத்திருக்கும் மீனவர்களைப் போல.

ஐந்தே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று.
எங்கள் கதவுக்கு மேலே மட்டும்
அவசர விளக்கு தானாக எரிந்தது.

மீன்தொட்டிக்குள் இருந்தோம்.
கடித்து வைத்த ரொட்டி,
எட்ஸியோவின் காலுறையில் ஓட்டை,
செத்த தொலைபேசியைக் காதில் வைத்தபடி நான்.
கறுப்பாகிவிட்ட கண்ணாடியில் எங்கள் முகமே எங்களுக்கு.
அருகில் வந்த பிறகுதான் ஒந்தினா தெரிந்தாள்.
ஒலிபெருக்கி ஊமை. அவள் உதடு
இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது.
“அப்பா, உள்ளே நாலு பேர் இருக்காங்க.
ஒருத்தருக்கு சாக்ஸ்ல ஓட்டை.”
இதை ஃபுல்வியா பிற்பாடு சொன்னாள்.

லிவியோ வந்து விரல் நீட்டி எங்களை எண்ணினார்.
பிறகு கையை உயர்த்தினார்,
சுமை தொங்கும்போது கீழே நிற்பவர்களுக்குக் காட்டுவது போல.
நானும் உயர்த்தினேன்.
எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.
அன்றிரவு மூன்று பேரும்
காக்கை தன்னுடையது என்றார்கள்.
நாற்காலி, தடை, டிசம்பரில் கேட்ட கேள்வி.
ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது,
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஃபுல்வியா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கோப்பை எழுதினாள்.
‘அமர்வில் இருந்தோர்’ என்ற கட்டத்தில்
எப்போதும் நான்கு பெயர். அன்று எட்டு.
‘சிகிச்சையாளர் செய்தது’ என்ற இடத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்தாள்.
மை ஊறிப் பரவியது.

அடுத்த வாரம் இரண்டு அறையிலும் விளக்கு.
அப்படி ஏற்றினால் அது முழுக் கண்ணாடியும் இல்லை,
முழு ஜன்னலும் இல்லை.
லிவியோவின் மார்பில் என் முகம் மிதந்தது.
அவர் தும்மியபோது நான் குலுங்கினேன்.

நிவெஸுக்கு இது பிடிக்கவில்லை.
“சந்தைக்கடை மாதிரி இருக்கு” என்று
திரை போடச் சொன்னாள்.
அந்த அறையில் அவள் எதையும் கேட்டது
அதுதான் முதல் தடவை.
போட்டோம்.