உள்ளூர் ஆக்களுக்கு ரூம் இல்லை

இரவு ரயில் எங்களை இறக்கிவிட்டபோது
வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.
தேத்தண்ணிக் கடையில்
முதல் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்த இடைவெளியில்
வந்துவிட்டது,
மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி.

டிலோஜினியின் முதுகுப்பை
கனடா மச்சான் விட்டுப்போனது.
அவள் தலைக்கு மேலும் ஒரு சாண்.
இடுப்புப் பட்டியைப் பூட்டும் விதம்
இருவருக்கும் பிடிபடவில்லை.
முடிச்சுப் போட்டோம்.
என்னுடையது ரியூசன் காலத்துப் பை,
சிப் செத்து, ஊசி குத்தினது.

வெள்ளவத்தை மருந்துக்கடையில்
மூன்று நாள் லீவு கேட்டபோது
"ஆரும் செத்தவையோ?" என்றார் முதலாளி.
"இல்லை, சும்மா."
அந்தச் சும்மாவைத்தான்
அவரால் தாங்க முடியவில்லை.

பஸ் நிலையத்தடியில் மான்கள்.
புள்ளிமான்கள், உண்மையாகவே,
ஓட்டோக்களுக்கு நடுவில்
கோவா இலைக்காக மினக்கெட்டு நின்றன.
ஒன்று அவளுடைய பைப் பட்டியை
மென்று பார்த்தது.
"மன்னாரில கழுதை, இங்க மான்.
அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்,
பட்டியை அதன் வாயிலிருந்து இழுத்தபடி.

மீன் சந்தை, ஐஸ் பெட்டி, லொறியின் ஹோன்,
லொத்தர் விற்கிற மைக்,
தயிர்ச் சட்டிகளைத் தொங்கவிட்டு
எங்கள் மேல் உரசிப்போன சைக்கிள்.
வியர்வை முதுகில் இல்லை;
முதுகுக்கும் பைக்கும் இடையில்
தனியாக ஒரு குளம்.

கோட்டை வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
அப்போதுதான் எனக்கும் தெரிந்தது:
உள்ளே ரைஸ் குக்கர்.
சிப்பாய் மூடியைத் தூக்கிப் பார்த்தான்.
காலுறைகள், ஒரு லிப்ஸ்டிக், அரைக் கிலோ அரிசி.
அடையாள அட்டையை
முன்னும் பின்னும் திருப்பி,
ஊரின் பெயரில் கொஞ்சம் தாமதித்து,
தந்தான்.

மேலே, கோணேசர் படிகளில்
வெறுங்கால் சுடச்சுட ஓடினோம்,
சண்டை பிடித்துக்கொண்டே.
"குக்கரையாடி காவிக்கொண்டு வந்தனி?"
"பசிச்சா நீதான் முதல் கத்துவாய்."
பாறை விளிம்பில், நேர் கீழே,
கடல் ஒருவர் பக்கமும் சேராமல் நீலமாக இருந்தது.
ஐந்து நிமிடம் நாங்கள் பேசவில்லை.
அழகால் அல்ல,
கோபத்தால்.

உப்புவெளியில் முதல் விடுதி:
"லோக்கல் ஆக்களுக்கு ரூம் இல்ல அக்கா."
மன்னிப்புக் கேட்கிற குரல்; கண் ஃபோனில்.
இரண்டாவதில்
அடையாள அட்டையை ஒற்றை விரலால்
மேசையில் திருப்பித் தள்ளினார்கள்.
மூன்றாவதற்கு முன்னால்
டிலோஜினி கறுப்புக் கண்ணாடி போட்டாள்.
"ஃபுரொம் சிங்கப்பூர்" என்றாள், மூக்கால்.
பதினாலாயிரம் என்று
அவனும் இங்கிலீசிலேயே சொன்னான்.
அவள் வாய் ஒரு நொடி
ஊருக்குத் திரும்பிப் போய்
"என்ர மடு மாதாவே" என்றது.

அவன் சிரித்தான்.
"எனக்கு முதலே விளங்கிட்டு அக்கா.
சிங்கப்பூர் ஆக்கள்
பைக்கு முடிச்சுப் போடமாட்டாங்க."
குனிந்து, முடிச்சை அவிழ்த்து,
பட்டியைப் பூட்டினான். டக்.
பின்பக்க அறை, ஏசி இல்லை,
மூவாயிரத்து ஐந்நூறு.

தாங்கியிலிருந்து வந்த தண்ணீரில்
தேயிலையைப் போட்டாலே சாயம் இறங்கும்.
மின்விசிறி வெக்கையைக் கலக்கிவிட்டது, அவ்வளவே.
குக்கரில் சோறு, ரின்மீன், ஒரு பச்சை மிளகாய்.
பசி என்று முதலில் கத்தியது நான்தான்.
அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.
இரண்டாம் தரம் சோறு போடும்போது
சொல்லிக்காட்டினாள்.

அடுத்த நாள் கன்னியா.
ஏழு கிணறு, ஏழு விதச் சூடு.
"இந்த வெயிலுக்குள்ள
சுடுதண்ணி தேடி வந்த விசரிகள்
நாங்கள் ரெண்டு பேருந்தான்."
ஐந்தாவது கிணற்றில் வாளியை நிரப்பி
என் உச்சியில் கவிழ்த்தாள்.
உடம்பு முழுவதும் ஒரே கூக்குரல்.

நிமிர்ந்தபோது
அதே பகல், அதே ஒரு மணி,
காற்று மட்டும்
குளிர்ந்தது.

இன்னொரு வாளி, என்றேன்.