நான்கெல்லை

கானாடுகாத்தான் வீட்டைப் பங்கு பிரிக்க
நாற்பத்தொரு பேர் வந்திருந்தோம்.
வளவு நிறைய வாடகை நாற்காலி.
பத்திரம் எழுதும் சவரிமுத்து
மடியில் கணினியோடு தூண் ஓரம்.
அண்டாக்களை எண்ணி முடிப்பதற்குள்
இரண்டு சண்டை, ஒரு சமாதானம்.

பேரேட்டில் கடைசிக்கு முந்தைய தாளில்
ஒரு வரி கிடந்தது:
மோல்மேன் தேக்கு, தூண் பதினாறு, கப்பலோடு.
கடல் பேரில் பற்று.
எதிரே வரவு இல்லை.

"வட்டி போட்டா வங்காள விரிகுடா நம்மளுது"
என்றார் அழகப்பண்ணன்.
ஓடு அதிரச் சிரித்தார்கள்.

"அதை எனக்கு எழுதுங்க" என்றேன்.

பெண்பிள்ளைக்கு வீட்டில் என்ன பங்கு என்று
காலையில் கேட்டவர்களும்
உடனே தலையாட்டினார்கள்.

அதே கப்பல்தானா, தெரியாது.
பெயர் இருந்த இடத்தில் பவளம் ஏறிவிட்டது.
நான் வேலை பார்க்கும் தீவிலிருந்து
படகில் ஏழு மணி நேரம்,
நல்லதண்ணி இல்லாத இன்னொரு தீவு.
அதன் அடியில் மரங்கள் கிடக்கின்றன, அடுக்கியபடி.
பதினொன்று வரை எண்ணியிருக்கிறேன்.
பன்னிரண்டுக்குக் கை நீட்டும்போதெல்லாம்
காற்றுமானி சிவப்புக்கு வந்துவிடும்.
ஒன்றைக் கையுறை கழற்றித் தடவினேன்.
வழுவழுப்பு எனக்குத் தெரிந்த வழுவழுப்பு.
அதற்குமேல் ஆதாரம் கேட்காதீர்கள்.

"சொத்துன்னா நான்கெல்லை வேணுமே, ஆச்சி."

சொன்னேன், அவர் அடித்தார்:
அஞ்சாலை குடியிருக்கும் கொதிகலனுக்கு மேற்கு.
தென்னை ஏறிக் காய் பறிக்கும் நண்டுகளின்
கரைக்கு வடக்கு.
ஆவுளியா மேயும் புல்திட்டுக்குத் தெற்கு,
அது வந்தால். மூன்று வருஷத்தில் ஒருமுறைதான் பார்த்தேன்,
பசுவைப்போல் மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இதெல்லாம் வேண்டாம், எல்லை மட்டும்" என்றார்.

மேற்கே எது என்று கேட்டபோது
வாய் வரவில்லை.
அங்கே தரை அறுந்துவிடுகிறது.
போன மாசியில் என் டார்ச் நழுவியது அந்தப் பக்கம்.
அணையவில்லை.
சிறுத்துக்கொண்டே போனது, போனது,
நான் மேலேறும்வரை
ஊசிமுனை அளவுக்கு இருந்தது.

"டார்ச்சுக்குக் கிழக்கு" என்றேன்.
ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு
அப்படியே அடித்தார்.

பிறகு வழக்கமான வாசகம்,
மனப்பாடமாய் ஓடும் விரல்கள்:
இதற்குள்பட்ட நிதி, நிட்சேபம், ஜலம்,
அங்கே நின்றது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மீண்டும் தொடங்கினார்: தரு, பாஷாணம்.

"அஞ்சாலைகிட்ட வாடகை வாங்குவியா?"
மறுபடி அழகப்பண்ணன்தான்.
இல்லைண்ணே, நான்தான் கட்டுகிறேன்,
நாற்பது நிமிஷத்துக்கு ஒரு சிலிண்டர்.

கையெழுத்துப் போட்டாயிற்று.
சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், சொத்தைப் பார்த்தவர்களாக.
நாற்பது பேரும் அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
சவரிமுத்து காத்திருக்கிறார்.
அவருக்கு நீச்சல் தெரியுமா என்று
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.