தோன்றா எழுவாய்

நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
போத்னியா வளைகுடா இன்னும் உறையவில்லை,
உறையலாமா என்று கரையோரமாக
யோசித்துக்கொண்டிருக்கிறது.
நான்காம் மாடியில் ஏழு நாற்காலி போட்டு
காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
விசாரணைக் குழுவில் நான் உறுப்பினன் அல்லன்.
கேட்டதை எழுதுபவன்.
பதினெட்டு வருடமாகக் கேட்டதை
எழுதத் தக்கதாக்கி எழுதுகிறேன்.

பெயர்கள் கூடாது என்பது விதி.
ஆகவே துய்ரே ஹக்கொலா என்னும் ஆய்வு மாணவி
'அ' ஆனாள்.
பேராசிரியர் தோர்ஸ்தி ரௌனியோ 'ஆ'.
குறிலுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள்.
நெடிலுக்கு ஒன்றரை மணி நேரம்,
நடுவே ஒரு முறை காபி.

திரையில் மூன்று படங்கள்.
எலியின் சிறுநீரகச் செல்கள், கறுப்பில் பச்சை.
மூன்று வெவ்வேறு மருந்துகள், மூன்று கட்டுரைகள்,
நடுவில் ஆறு வருடங்கள்.
ஒன்று நேராக நிற்கிறது.
ஒன்று தலைகீழாக.
மூன்றாவது கண்ணாடிக்குள் போய்த் திரும்பியிருக்கிறது,
ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு.
மூன்றிலும் ஒரு மூலையில்
மெல்லிய வளைவாக ஒரு கீற்று.

"தூசாக இருக்கலாமே" என்றார் சட்ட ஆலோசகர்.
"இமைமுடி" என்றாள்.
"அவ்வளவு உறுதியாக எப்படி?"
"என்னுடையது.
இரவு இரண்டு மணி. கண்ணைக் கசக்கினேன்.
தகட்டில் விழுந்ததைப் பார்த்தேன்.
மறுபடி செய்ய மாதிரி மிச்சமில்லை."

யாரும் ரொட்டியைத் தொடவில்லை அப்போது.
பிறகு துணைவேந்தர் அவுலிக்கி சொர்சா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
மிக அன்பான குரலில் கேட்டார்:
"அப்படியானால் முதல் படத்தை எடுத்தது நீங்கள்.
முதல் கட்டுரையில் நான்காவது பெயரும்
நீங்கள்தான், இல்லையா?"

எங்கள் மொழியில் ஒரு வசதி உண்டு.
செய்தவர் யாரென்று சொல்லாமலே
எதையும் செய்து முடிக்கலாம்.
படம் மீண்டும் பயன்படுத்தப்பட்டது.
கோப்புறைகள் மாற்றிப் பெயரிடப்பட்டன.
ஆய்வகம் இடம் மாறியபோது வன்தட்டு தொலைக்கப்பட்டது.
'பட்டது' என்று முடித்துக்கொண்டே போனால்
கடைசியில் பட்டவள் மட்டும் மிஞ்சுவாள்.
அன்றைய குறிப்பு முழுவதிலும்
எழுவாயோடு நின்றது ஒரே ஒரு வாக்கியம்:
முதல் படத்தை அ எடுத்தார்.

பொய் ஒன்றும் எழுதவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு மாதம் கழித்து முடிவு வந்தது.
முறைகேடு என்ற சொல்லை
ஐந்து வரைவுகள் தாங்கின, ஆறாவது தாங்கவில்லை.
அதன் இடத்தில் கவனக்குறைவு.
இரண்டு கட்டுரைகளுக்குத் திருத்தம்.
எல்லா ஆய்வு மாணவர்களுக்கும்
அரை நாள் நன்னெறிப் பயிற்சி, வருகை கட்டாயம்.
ஆ அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.
அ அவர்களின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்ததற்கும்
இதற்கும் தொடர்பில்லை என்று
யாரும் கேட்காமலே ஒரு பத்தி.

நீர்நாய்த் தொப்பி போட்ட ஒருத்தியை
பிப்ரவரியில் படகுத்துறை நிறுத்தத்தில் பார்த்தேன்.
அவளாக இருக்கலாம்.
பேருந்து வந்தது, நான் ஏறவில்லை,
அவளும் ஏறவில்லை.
குளிரைப் பற்றிக்கூட ஒன்றும் பேசவில்லை.

ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புமுன்
கடைசியாக ஒரு கட்டளை:
'இமைமுடி' வரும் இடங்களில் எல்லாம்
'அயற்துகள்' என்று மாற்றவும்.
மாற்றினேன். பக்கம் ஒன்பது. பதினொன்று. முப்பது.
மூன்றாம் இணைப்பின் அடிக்குறிப்பில்,
யாரும் பெரிதாக்கிப் பார்க்காத எழுத்தளவில்,
ஒன்று அப்படியே கிடக்கிறது.

என்றாவது யாராவது கேட்டால்
கவனக்குறைவு என்பேன்.
அதற்கு இங்கே தண்டனை கிடையாது.