214306

தண்ணீர்த் திருநாள் முடிந்த மறுநாள்
இன்செய்ன் சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது
மீட்டரில் எண் நின்றுபோனது.
214306.
வண்டி நிற்கவில்லை.

கதவைத் திறந்தால், தூணின் ஓரத்தில்
யாரோ ஒரு ஜப்பான்காரர் ஒட்டிய சீட்டு
இன்னும் உரியாமல் இருக்கிறது.
எழுத்து புரியாது. எண் புரியும்: 67500.
ஏழுக்கு ஒரு சின்னக் கொம்பு வைக்கிறவர்.
ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டார்.

பகலில் நான்.
இரவில் மச்சான்,
வீட்டில் பிச்சமுத்து, லைசென்ஸில் ஆங் மின்.
ஐயாயிரத்துக்கு ஆயில், பத்தாயிரத்துக்கு ஃபில்டர்,
இருபதாயிரத்துக்கு பிரேக் ஷூ.
அவரவர் ஓடிய தூரத்துக்கு அவரவர் காசு.
தூரத்தைச் சொல்லத்தான் இப்போது ஆளில்லை.

"ஏர்போர்ட்டுக்கு அஞ்சு தடவைதான் போனேன்" என்பான்.
"அஞ்சு தடவையும் திரும்பி வரலியா?" என்பேன்.

அப்புறம்தான் நோட்டு வாங்கினோம்.
சூலே, மிங்கலாடோன்: பதினாறு.
தாமுவே, லெய்டான்: ஏழு.
இருபத்தொன்பதாம் தெரு, ஆஸ்பத்திரி, பிரசவ வலி: இரண்டு.
காசு வாங்காவிட்டாலும்
ஓடியது ஓடியதுதான்.

பெட்ரோல் வரிசையில் நான்கு மணி நேரம்.
போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தி
எட்டு வண்டி நீளம் நகர்ந்தேன்.
ஆயில் வெந்ததே,
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
தெருமுனைச் சோதனையில் உள்விளக்கைப் போட்டு
மச்சான் காத்திருந்த இரவுகளை
அவன் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

கோ தெய்ன் ஸோ பட்டறையில் அன்றும் கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
குச்சியை உருவினார்.
விரலில் தேய்த்தார், மோந்தார்.
நோட்டை நீட்டினேன்:
நாலாயிரத்து எழுநூற்று இருபது.
திரும்பிப் பார்க்கவே இல்லை.
டார்ச்சை எடுத்துவிட்டு, "ஆறாயிரம்" என்றார்.

ஆயிரத்து இருநூற்று எண்பது
எங்கே போயிற்று?
மச்சானைப் பார்த்தேன்.
அவனும் என்னைத்தான் பார்த்தான்.
சவாரி இல்லாத சாயங்காலங்களில்
தன்லின் பாலம் வரை சும்மா போய்
கண்ணாடியை இறக்கி, ஆற்றுக் காற்று வாங்கி
சும்மா திரும்பியதை
நான் மட்டும் எழுதினேனா என்ன?

திருகை விட்டதும்
கறுப்பாய் இறங்கியது தகர டின்னில்,
யார் தூரம் எது என்று பிரியாமல்.
பாதிப் பாதி கொடுத்தோம்.

ஜப்பான் சீட்டுக்குக் கீழே புதுச் சீட்டு.
நின்ற எண்ணோடு ஐயாயிரத்தைக் கூட்டி
வட்டம் வட்டமாய் பர்மிய எண்ணில் எழுதினார்.
அந்த எண் ஒருநாளும் வரப்போவதில்லை.
அவருக்கும் தெரியும்.

மச்சான் வண்டியை எடுத்தான்.
சாலையும் வலம், ஸ்டியரிங்கும் வலம்.
பஸ்ஸை முந்த வேண்டுமானால்
இடது இருக்கைக்காரன்தான் எதிரே பார்த்துச் சொல்லவேண்டும்.
"வருதா?"
"இல்ல, போ."
போனான்.

வீட்டு வாசலில் இறங்கி நோட்டை விரித்தேன்.
பட்டறை, வீடு: மூன்று.
எட்டிப் பார்த்துவிட்டு
"மூணரை போடு" என்றான்.