அரை அங்குலம், பதினான்கு மரை

சோஹார் துறைமுகம். ஆகஸ்ட். வெள்ளி இரவு.
நாலாம் நம்பர் கிரேனில்
பிரஷர் கேஜின் அடியில் ஒரு சொட்டு ஆயில் வளர்கிறது.
துடைத்தால் இன்னொன்று.

மிலோன் ஏற்கெனவே டேப் சுற்றியிருக்கிறான்,
ஒன்பது சுற்றோ பத்தோ,
முறிந்த விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி.
இன்னும் ரெண்டு போடவா என்கிறான்,
எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத இந்தியில்.

கழற்றினேன். மரை அளவியை வைத்தேன்.
அங்குலத்துக்குப் பதினான்கு.
அமெரிக்க மரைக்கும் அதே பதினான்குதான்.
அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று
மூணு சுற்று உறவாடிவிட்டு
அப்புறம் குணத்தைக் காட்டும்.
இது ஐம்பத்தைந்து டிகிரி.
நுனியிலும் அடியிலும் ஒரே பருமன்.
நேர்மரை.

கூம்புமரை போகப் போக ஆப்பாய் இறுகும்,
அங்கே டேப்புக்கு வேலை உண்டு.
இதுவோ கடைசிச் சுற்றிலும்
முதல் சுற்றுப் போலத் தளர்வாய்ப் போகும்.
பள்ளத்தோடு சுருண்டு சுருண்டு ஒரு சந்து
திறந்தே கிடக்கும்;
ஆயிலுக்கு அந்த விலாசம் தெரியும்.
பிடித்துக்கொள்வதோடு மரையின் வேலை முடிந்தது.
அடைப்பது அடிமுகம்.
முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே
ஒரு செம்பு வாஷர்.

இருந்தது. நசுங்கி, வரி விழுந்து,
இனி யாருக்கும் வளையமாட்டேன் என்று.
புதுசு ஸ்டோரில்.
சாவி குர்ஷித் பாயின் சட்டைப் பையில்,
பாய் நிஸ்வாவில், ஞாயிறுதான் வருவார்.
விடிந்தால் கப்பல்.

மிலோன்தான் குறடால் அதை எடுத்தான்.
சிட்டகாங்கில் ஃப்ரிட்ஜ் வேலை பார்த்தவனாம்,
மூணு வருஷத்தில் இன்றுதான் சொல்கிறான்.
டார்ச்சை மூட்டி
மங்கலாய்ச் சிவக்கும்வரை காட்டி
தண்ணீர் வாளிக்குள் போட்டான். சுர்ரென்றது.
இரும்பென்றால் விறைத்திருக்கும்.
செம்பு இளகிவிட்டது.
கருப்பை எமரியால் தேய்த்து
என் உள்ளங்கையில் வைத்தான், சூடு மிச்சத்தோடு.

டேப் இல்லாமல்,
கையாலேயே அடிவரை போயிற்று கேஜ்.
பிறகு ஸ்பானர், கால் சுற்று. அவ்வளவுதான்.
பம்ப் போட்டோம்.
நாற்பது. தொண்ணூறு.
நூற்றறுபதில் முள் நின்று லேசாய் நடுங்கியது.

ஒரு நிமிஷம். ரெண்டு.
மூட்டின்மேல் ஒரு சொட்டு.

மிலோன் மூச்சை விட்டுவிட்டு அப்பால் திரும்பிக்கொண்டான்.
நான் விரலால் தொட்டுத் தேய்த்தேன்.
வழுக்கவில்லை.
நாக்கில் வைத்தேன்.

உப்பு.
என் நெற்றிதான் ஒழுகுகிறது.